மறைந்திருந்த 512 பைற்றுகள்: எக்ஸ்பொக்ஸ் ஆய்வின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

பொருளொன்றை விலைகொடுத்து வாங்கிய ஒருவன் அதனைத் திறந்து பார்த்தற்கும், அது இயங்குமாற்றை அறிதற்கும், அறிந்தவற்றைப் பிறர்க்கு எடுத்துரைத்தற்கும் உரிமையுடையவனா என்னும் வினா, கடிகாரத்தையோ வானொலிப் பெட்டியையோ பொறுத்தவரை பெரிதும் எழுந்ததில்லை. திறந்தவன் மீண்டும் பூட்டத் தெரியாது விழித்தால் நட்டம் அவனுடையதே. ஆனால், கணினியை உள்ளடக்கிய வீட்டுப் பாவனைப் பொருட்கள் பெருகிய காலத்தில் இவ்வினா நீதிமன்றத்தின் வாயிலிலும் பல்கலைக்கழகத்தின் வாயிலிலும் வந்து நின்றது. அது அங்ஙனம் வந்து நின்ற முறையினைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சிகளுள் ஒன்று, 2001 ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த எக்ஸ்பொக்ஸ் என்னும் விளையாட்டுக் கருவியின் பாதுகாப்பமைப்பினை ஒரு மாணவரும், அவரைத் தொடர்ந்து ஆர்வலர் சிலரும் ஆராய்ந்து வெளிப்படுத்திய வரலாறாகும். அதனை ஒரு திருட்டின் கதையாகக் கூறுவோர் உளர். வீரக்கதையாகக் கூறுவோரும் உளர். சான்றுகளை ஒழுங்குபடுத்தி நோக்குமிடத்து, அது முதன்மையாக ஒரு வாசிப்பின் வரலாறு என்பதே எமது கருத்தாகும்.

விளையாட்டுக் கருவிகளுக்குப் பூட்டு இடும் வழக்கம் எக்ஸ்பொக்ஸுடன் தோன்றியதன்று. 1983 இல் அமெரிக்க வீடியோ விளையாட்டுச் சந்தை சரிவுற்றது. தரங்குறைந்த விளையாட்டுகள் மலிந்தமை அதற்கொரு காரணம் எனப்பட்டது. 1985 இல் அச்சந்தையுட் புகுந்த யப்பானிய நிறுவனமாகிய நின்ரென்டோ, தனது கருவியிலும் ஒவ்வொரு விளையாட்டுப் பேழையிலும் ஒவ்வொரு சிறு சில்லினை வைத்தது. அவையிரண்டும் தம்முள் ஒத்துரையாடினாலன்றிக் கருவி இயங்காது. இதனால் எவர் விளையாட்டு எழுதலாம் என்பது நின்ரென்டோவின் அனுமதிக்கு உட்பட்டதாயிற்று. அட்டாரி கேம்ஸ் நிறுவனம் இச்சில்லினை ஆராய்ந்ததோடு நில்லாது, பதிப்புரிமை அலுவலகத்தில் வைப்பிலிருந்த அதன் நிரற் பிரதியை உண்மைக்கு மாறான காரணங்கூறிப் பெற்றது. 1992 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சேகா, அக்கொலேட் ஆகிய நிறுவனங்களுக்கிடையிலான வழக்கில், கருவியோடு ஒத்தியங்கும் விளையாட்டினை எழுதுதற்கு வேறு வழி இல்லாதவிடத்து நிரலைப் பகுத்தாராய்தல் நியாயமான பாவனையே என மற்றொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து நோக்கின், படித்தறிதல் குற்றமன்று, பொய்கூறிப் பெறுதலே தவறு என்னும் நிலை அன்று நிலவியமை புலனாகும்.

இந்நிலையை 1998 ஆம் ஆண்டின் டிஜிற்றல் மிலேனியம் பதிப்புரிமைச் சட்டம் குழப்பியது. அதன் 1201 ஆம் பிரிவு, பதிப்புரிமைப் பொருளைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டினைக் கடந்து செல்வதையே தடைசெய்தது. ஒத்தியங்குதலை நோக்கிய ஆய்வுக்கும் மறையாக்க ஆய்வுக்கும் விலக்குகள் அதில் இருந்தன எனினும், அவற்றின் எல்லை எவர்க்கும் தெளிவாயிருக்கவில்லை. 2001 ஏப்ரிலில் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வேட் ஃபெல்ற்றன், இசைத்துறை சார்ந்தோரின் எச்சரிக்கைக் கடிதத்தின் பின் தமது ஆய்வுக் கட்டுரையை ஒரு மாநாட்டிலிருந்து மீளப் பெற்றார். அவ்வாண்டு யூலையில் ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்லியாரோவ், லாஸ் வேகாஸ் நகரில் மாநாடொன்றிற் பேசியபின் கைதுசெய்யப்பட்டார். எக்ஸ்பொக்ஸ் கடைக்கு வந்தது அதற்கு நான்கு மாதங்களின் பின், நவம்பர் 15 இல் ஆகும்.

அக்கருவியின் விலை 299 டொலர். அதனுள்ளே 733 மெகாஹேர்ட்ஸ் வேகமுடைய இன்ரெல் செயலி, 64 மெகாபைற்று நினைவகம், வன்தட்டு, வலையமைப்பு இணைப்பு ஆகியன இருந்தன. பெயரால் அது விளையாட்டுக் கருவி, உடலாற் கணினி. மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை அடக்கவிலைக்குக் குறைவாக விற்று, பின்னர் விளையாட்டு வெளியீட்டாளர் செலுத்தும் உரிமைக் கட்டணத்தினால் அந்நட்டத்தை ஈடுசெய்ய எண்ணியது. எனவே, அனுமதி பெறாத நிரல் எதுவும் அதில் இயங்கலாகாது என்பது வெறும் ஒழுங்குவிதி அன்று. வணிகத்தின் அத்திவாரமே அதுதான். வாங்கியவர் அதிற் பிறிதொரு பணிசெய்முறைமையை நிறுவி, விளையாட்டு எதனையும் வாங்காது விடுவாராயின் நிறுவனத்துக்கு எஞ்சுவது நட்டம் மட்டுமே. திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதற்காகவே பூட்டு இடப்பட்டது என்னும் பொதுக்கூற்று இவ்விடத்து அரைகுறை உண்மையாகவே எமக்குப் படுகின்றது.

பூட்டின் அமைப்பினைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஒவ்வொரு விளையாட்டும் 2048 பிற்று நீளமுடைய ஆர்.எஸ்.ஏ. திறவுகோலினாற் கையொப்பமிடப்பட்டிருந்தது. கருவியின் மூலநிரல் அக்கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே விளையாட்டை இயங்கவிடும். ஆயின், அம்மூலநிரலே மாற்றப்படாதது என்பதற்கு யார் சான்று? அதனை அதற்கு முன் இயங்கும் தொடக்கநிரல் சரிபார்க்கும். அத்தொடக்கநிரலை அதற்கும் முன்னையது சரிபார்க்கும். இங்ஙனம் பின்னோக்கிச் சென்றால், எவராலும் சரிபார்க்கப்படாது நம்பிக்கை ஒன்றினாலேயே ஏற்கப்படும் முதல் நிரல் ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும். அது மாற்றவியலாததாகவும் பிறர் காணவியலாததாகவும் இருத்தல் அவசியம்.

அந்த முதல் நிரலைத் தேடியவர் அன்ட்ரூ ஹுவாங். அவர் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் கலாநிதிப் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருந்த மாணவர். அவரது ஆய்வேட்டின் பொருள் கணினிக் கட்டமைப்பு. எக்ஸ்பொக்ஸ் ஓய்வுநேர முயற்சி. அவர் முதலிற் கருவியின் மின்சுற்றுப் பலகையிலிருந்த பிளாஷ் நினைவகச் சில்லினைக் கழற்றி, அதன் உள்ளடக்கத்தைப் படித்தார். அதன் இறுதி 512 பைற்றுகளில் தொடக்கநிரல் போன்றதொன்று காணப்பட்டது. அதில் ஆர்.சி.4 என்னும் மறையாக்க முறையும் ஒரு திறவுகோலும் இருந்தன. அத்திறவுகோலைக் கொண்டு எஞ்சிய பகுதியைப் பெயர்த்தபோது பொருளற்ற குப்பையே கிடைத்தது. இன்னும் வியப்பு யாதெனில், அப்பகுதியை முற்றாக அழித்துவிட்ட பின்னரும் கருவி எவ்விதக் குறையுமின்றி இயங்கியது. செயலி தனது முதல் ஆணையைத் தேடிச் செல்லும் முகவரியில் இருந்த நிரல் உண்மையில் வாசிக்கப்படவேயில்லை. அப்படியாயின் வாசிக்கப்பட்டது வேறெங்கோ இருத்தல் வேண்டும்.

கல்வெட்டும் ஏடும் பயில்வோர்க்கு இவ்விடம் புதிதன்று. கண்ணெதிரே தெளிவாக நிற்கும் வாசகம் மூலமா, பிற்கால இடைச்செருகலா, கைவிடப்பட்ட பழைய வரைவா என்பதை முதலில் துணிதல் வேண்டும். அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட பொய்த்தடம் என எண்ண இடமிருந்தது. அஃது இரகசிய நிரலின் முந்திய வடிவமொன்றே. தவறுதலாக உள்ளே விடப்பட்ட எச்சம் என, இத்துறையில் ஈடுபட்ட மைக்கல் ஷ்டைல் பின்னர் விளக்கினார். பொறியியலாளர் சூழ்ச்சி செய்தனர் என்பதினும் மறந்துவிட்டனர் என்பதே பெரும்பாலும் மெய்யாயிருப்பதை வரலாற்று மாணவர் நன்கறிவர்.

உண்மையான முதல் நிரல் எங்கே இருந்தது? இன்ரெல் செயலி பொதுச்சந்தைக்கென ஆக்கப்பட்டது. அதனுள் ஒன்றைப் புதைத்தற்குப் பெருஞ்செலவும் காலமும் வேண்டும். ஆனால், என்விடியா நிறுவனம் இக்கருவிக்கென்றே ஆக்கிய துணைச் சில்லொன்று பலகையின் தென்பாலத்தில் இருந்தது. அதனுள்ளேயே அந்த 512 பைற்றுகள் வைக்கப்பட்டிருந்தன. சில்லினுள் வாழும் நிரலை வெளியிலிருந்து காணவியலாது. எனினும், அது செயலியைச் சென்றடையும்போது இடையிலுள்ள கம்பிகளைக் கடந்தே ஆகவேண்டும். வடிவமைத்தோர் அக்கம்பிகளின் வேகத்தையே காவலாக நம்பினர். ஹுவாங் மூன்று பாதைகளை ஒப்புநோக்கினார். நினைவகத்துக்குச் செல்லும் பாதை மிகுந்த அகலமுடையது. செயலிக்குச் செல்வதும் அத்தகையதே. இரு துணைச் சில்லுகளையும் இணைத்த ஹைப்பர் ட்ரான்ஸ்போர்ட் எனும் பாதையோ வேகத்தில் மிகுந்ததாயினும் ஒரு திசைக்கு எட்டுத் தரவுக் கம்பிச் சோடிகளே கொண்டது. அவையும் பலகையில் ஒழுங்காக அருகருகே ஓடின. அவர் அக்கம்பிகளின் மேற்பூச்சை நீக்கி, தாமே வரைந்து செய்வித்த சிறு பலகையொன்றைப் பற்றாசினாற் பொருத்தி, வேறொரு வேலைக்கென வைத்திருந்த மீள்நிரலாக்கத்தக்க தர்க்கச் சில்லொன்றின் வழியே, கருவி உயிர்பெறும் கணத்தில் அப்பாதையிற் சென்ற தரவுகளைப் பதிவுசெய்தார். அப்பதிவை வரிசைப்படுத்தி, நிரலின் தாவல்களை ஊகித்து ஒழுங்குபடுத்தியபோது ஆர்.சி.4 நிரலும் அதன் 16 பைற்றுத் திறவுகோலும் வெளிப்பட்டன. கோட்டையின் மதிலை எவரும் இடிக்கவில்லை. தூதுவன் செல்லும் வழியில் ஒருவர் காத்திருந்து கேட்டார், அவ்வளவே.

இதன் பின்னர் நிகழ்ந்ததே எம்போன்ற மாணவர்க்கு மிக நெருக்கமான பகுதியாகும். பிளாஷ் உள்ளடக்கத்தை ஹுவாங் முன்னர் வெளியிட்டபோது மைக்ரோசொப்ட் அதனை அகற்றுமாறு கேட்டுக்கொண்டது, அவரும் அகற்றினார். இப்போது கைவசம் இருந்ததோ திறவுகோல். தாம் இதனை வெளியிடலாமா என அவர் தமது பல்கலைக்கழகத்தின் துணையை நாடினார். அவர் பின்னர் எழுதியுள்ளதன்படி, அவருக்குக் கிடைத்தது ஆதரவன்று; இவ்வாய்வுக்கும் நிறுவகத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை எனச் சட்டப்பிரிவு விடுத்த கடிதமே. மைக்ரோசொப்டினை அவர் தனியே எதிர்கொள்ளும் நிலை ஏற்பட்டது. அவர் சார்ந்திருந்த செயற்கை நுண்மதி ஆய்வுகூடத்தின் ஆசிரியர்கள் இதனை ஏற்கவில்லை. சட்டப்பிரிவின் நிலைப்பாட்டை வெளிப்படையாக எதிர்த்து, அவ்வாய்வினை ஆய்வுகூடத்தின் அதிகாரபூர்வ அறிக்கையாகவே வெளியிட முன்வந்தனர். வன்பொருளில் இரகசியம் பேணுதல் பற்றிய அவ்வறிக்கை 2002 மே மாதத்தில் வெளியாயிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில் மறையாக்க வன்பொருள் பற்றிய ஆய்வுமாநாட்டிலும் அது வாசிக்கப்பட்டது. மைக்ரோசொப்ட் வழக்குத் தொடுக்கவில்லை; அவரோடு நாகரிகமானதோர் இணக்கத்துக்கு வந்தது. ஆய்வுகூடத்தின் பெயர் முகப்பில் நின்றமையால் மாணவனின் ஓய்வுநேர வேலை கல்விசார் ஆய்வாக மதிக்கப்பட்டது; மதிக்கப்பட்டமையால் அது காக்கப்பட்டது. ஆய்வின் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தும் இதனால் மாறவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அடுத்த ஆண்டில் இவ்வனுபவங்களை அவர் நூலாக்கியபோது, வெளியிட இசைந்திருந்த பதிப்பகம் சட்ட அச்சத்தினாற் பின்வாங்கியது; அவர் தாமே அதனை அச்சிட்டு விற்கலானார்.

திறவுகோல் வெளிப்பட்டபின் களம் ஐரோப்பாவுக்கு விரிந்தது. மேற்குறித்த ஷ்டைல் முதலானோர் எக்ஸ்பொக்ஸ் கருவியில் லினக்ஸ் பணிசெய்முறைமையை இயக்கும் முயற்சியைத் தொடங்கினர். பெயர் வெளியிடாத ஒருவர் இதற்கென 2 இலட்சம் டொலர் பரிசறிவித்தார்: கருவியிற் சில்லொன்றைச் சேர்த்து இயக்குவோர்க்குப் பாதி, வன்பொருளில் யாதொரு மாற்றமுமின்றி இயக்குவோர்க்குப் பாதி. அவர் லினக்ஸ் வணிகத்தில் ஈடுபட்டிருந்த மைக்கல் றொபேட்சன் என்பது 2003 தொடக்கத்தில் வெளியாயிற்று. எனவே ஆர்வலர் முயற்சி முற்றிலும் வணிக நோக்கு அற்றது எனக் கூறுதல் பொருந்தாது. ஒரு வணிகனின் பூட்டினைத் திறக்க மற்றொரு வணிகன் பணங்கொடுத்தான்.

அவர்கள் கண்டறிந்த பிழைகளுள் இரண்டு மிகச் சுவையானவை. முதல் நிரல், தான் பெயர்த்த பகுதி பிழையானது எனக் கண்டால் தன்னை மறைத்துக்கொண்டு செயலியை நிறுத்திவிட வேண்டும். மறைத்துக்கொண்ட நிரல் அடுத்த ஆணையை எவ்வாறு வழங்கும்? இச்சிக்கலைத் தீர்க்க, மறைக்கும் ஆணையை முகவரி வெளியின் கடைசி அந்தத்தில் வைத்தனர். அதற்கப்பால் முகவரியே இல்லையாதலாற் செயலி தானாகவே நின்றுவிடும் என எதிர்பார்த்தனர். ஏ.எம்.டி. செயலிகள் அங்ஙனமே நிற்கும். ஆனால் இன்ரெல் செயலி கடைசி முகவரியைத் தாண்டியதும் வட்டமிட்டுப் பூச்சியத்திலிருந்து தொடரும். வடிவமைப்பின் இறுதிக் கட்டத்தில் ஏ.எம்.டி. கைவிடப்பட்டு இன்ரெல் தெரிவுசெய்யப்பட்டமையே இப்பிழையின் தோற்றுவாய் என ஷ்டைல் கருதுகின்றார். ஆர்வலர் செய்தது இதுவே: பூச்சிய முகவரியில் தமது நிரலை வைத்துவிட்டு, சோதனை வேண்டுமென்றே தோல்வியுறும்படி விட்டனர். காவலன் ஆபத்தென்று கூவிய குரலே கதவைத் திறந்துவிட்டது.

மைக்ரோசொப்ட் 2002 இல் துணைச் சில்லினை மாற்றிக் கருவியின் புதிய பதிப்பை வெளியிட்டது. இம்முறை திறவுகோலோடு, தொடக்கநிரலின் மாற்றமின்மையைச் சோதிக்கும் தொகையீடு ஒன்றும் சேர்க்கப்பட்டது. 512 பைற்றுகளுள் அடங்க வேண்டியிருந்தமையால், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களாகிய வீலரும் நீடமும் 1994 இல் வெளியிட்ட ரி.ஈ.ஏ. எனும் மிகச் சிறிய முறை அதற்குத் தெரிவுசெய்யப்பட்டது. அம்முறையில் திறவுகோலின் குறித்த இரு பிற்றுகளை ஒருங்கே மாற்றினால் விளைவு மாறாது. எனவே அது தொகையீட்டுக்குத் தகாதது என்பது 1990 களிலேயே ஆய்வேடுகளில் அச்சேறியிருந்தது. ஆர்வலர் அவ்வாறே இரு பிற்றுகளை மாற்றி, தொடக்கநிரலின் தாவல் ஒன்றைத் தமது நிரலுக்குத் திருப்பிவிட்டனர். நூலகத்தில் திறந்து கிடந்த கட்டுரையைப் படிக்காது விட்டதனால் வந்த வினை இது. புதிய இரகசிய நிரலைப் படித்த முறையும் ஒரு பழமையின் எச்சத்தையே துணைக்கொண்டது. 1980 களின் தனியாள் கணினிகளிற் பழைய நிரல்கள் தடையின்றி இயங்குவதற்கென, இருபதாம் முகவரிக் கம்பியை அடக்கிவைக்கும் ஏற்பாடொன்று இருந்தது. எக்ஸ்பொக்ஸுக்குச் சிறிதும் தேவைப்படாத அவ்வேற்பாடு அதன் செயலியிலும் எஞ்சியிருந்தது. அம்முனையை நிலத்தோடு இணைத்தபோது செயலி தனது முதல் ஆணையை இரகசிய நிரலுக்குப் பதிலாக பிளாஷ் நினைவகத்திலிருந்து எடுத்தது. அங்கிருந்த ஆர்வலரின் சிறுநிரல் இரகசிய 512 பைற்றுகளையும் ஆறுதலாகப் படித்து வெளியே அனுப்பியது. ஹுவாங் அரிதின் முயன்று கேட்டதனை இம்முறை ஒரு கம்பித்துண்டு சொல்லிற்று.

பரிசின் மறுபாதி நோக்கிய தேடல் 2003 மார்ச்சில் பயன் தந்தது. ஜேம்ஸ் பொண்ட் விளையாட்டொன்று, சேமித்துவைத்த ஆட்டத்தை மீளப் படிக்கும்போது, தரவின் நீளத்தைச் சரிபார்க்கத் தவறியது. அளவுக்கு மிஞ்சிய தரவினை அதற்கு ஊட்டினாற் கருவி ஆர்வலரின் நிரலுக்கு வசமாயிற்று. அவ்விளையாட்டோ முறையாகக் கையொப்பமிடப்பட்டது. 2048 பிற்றுத் திறவுகோலை எவரும் கண்டுபிடிக்கவில்லை. பலரது கணினிகளைக் கூட்டி அதனை உடைக்க முயன்றோர் முயற்சியைக் கைவிட்டனர். கணிதம் நிலைத்து நிற்க, அதனைச் சூழ்ந்திருந்தவையே சரிந்தன.

இவற்றின் விளைவுகளை மதிப்பிடுகையில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தல் தகாது. ஆர்வலர் எழுதிய நிரல்களுள் ஒன்றாகிய ஊடக இயக்கி, பிற்காலத்திற் பல கணினிகளுக்கும் பரவி, 2014 முதல் கோடி என்னும் பெயரால் வழங்குகின்றது. அதேவேளை, இதே துவாரங்களின் வழியே திருட்டுப் பிரதிகளும் இயங்கின. அதற்கான சில்லுகளை விற்றுப் பணம் பெற்றோரும் பலர். லினக்ஸ் வேண்டியவர்க்கும் திருட்டுப் பிரதி வேண்டியவர்க்கும் கதவு ஒன்றாகவே அமைந்தமையால் முன்னவரின் அறிவு பின்னவர்க்குப் பயன்பட்டது. ஆகவே ஆர்வலர்க்குத் தனிக்கதவு விட்டுவைப்பதே நிறுவனத்துக்கு நன்று என ஷ்டைல் வாதிட்டார். 2006 இல் வெளிவந்த பிளேஸ்ரேஷன் 3 இவ்வாதத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. பிறிதொரு பணிசெய்முறைமையை நிறுவ அக்கருவி இடமளித்தது. 2010 ஏப்ரிலில் சோனி நிறுவனம் அவ்வசதியை நீக்கியது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே அதன் கையொப்ப முறையின் பெரும்பிழை பேர்லின் மாநாட்டில் அம்பலமாயிற்று. வாதம் கவர்ச்சியுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமை கொண்டு ஒன்றனால் ஒன்று விளைந்தது எனத் துணிதல் வரலாற்று முறைக்கு ஒவ்வாது. ஒரு கருவியின் வரலாறு பொதுவிதி ஒன்றனை நிறுவப் போதாது.

2013 இல் ஹுவாங் தமது நூலை எவரும் இலவசமாகப் பெறுமாறு வெளியிட்டார். அவ்வாண்டு சனவரியில் ஆரன் சுவாட்ஸ் எனும் இளைஞர் உயிர் துறந்திருந்தார். ஹுவாங் பயின்ற அதே நிறுவகத்தின் வலையமைப்பினூடாக ஆய்விதழ்க் கட்டுரைகளைப் பெருந்தொகையாக இறக்கிய வழக்கில் அவர் விசாரணையை எதிர்நோக்கியிருந்தவர். நூலுக்கு எழுதிய கடிதத்தில் ஹுவாங், 2002 இல் தமக்கு நேர்ந்ததை நினைவுகூர்ந்து, தமக்காக நின்ற ஆசிரியர்களைப் போற்றியுள்ளார். 2016 யூலையில் அவரும், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மறையாக்க ஆய்வாளர் மத்தியூ கிறீனும், 1201 ஆம் பிரிவு பேச்சுரிமைக்கு முரணானது என ஐக்கிய அமெரிக்க அரசாங்கத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 2022 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு இடைக்காலத் தடையாணை வழங்க மறுத்தது. 2024 ஓகஸ்டில், அப்பிரிவினை முழுமையாகச் செல்லுபடியற்றதாக்கக் கோரிய வாதத்தையும் அந்நீதிமன்றம் நிராகரித்தது.